முதுகு வலியும் ‘விலகிவிட்டது’ என்ற சொல்லும்

கொங்கு மண்டலத்தின் தொழில்கள் ஒவ்வொன்றும் முதுகெலும்பை ஒவ்வொரு விதமாகச் சோதிப்பவை. திருப்பூரில் பின்னலாடை தைக்கும் பெண், நாளெல்லாம் இயந்திரத்தின்மீது கழுத்தைக் கவிழ்த்தபடி இருக்கிறார். பல்லடத்திலும் சோமனூரிலும் விசைத்தறித் தொழிலாளி ஷிப்டு முழுவதும் நின்ற காலில் நிற்கிறார். கோவை வார்ப்பட ஆலைகளில் குனிந்து மணல் அச்சுகளை அமைத்து, நிமிர்ந்து பாரம் தூக்குகிறார்கள். நாமக்கல் லாரி ஓட்டுநரும் திருச்செங்கோட்டு ரிக் வண்டித் தொழிலாளியும் வாரக்கணக்கில் அதிர்வின்மீதே அமர்ந்திருக்கிறார்கள். சரவணம்பட்டியில் கணினி முன் அமர்ந்திருக்கும் மென்பொருள் ஊழியரின் கழுத்தும் இவர்களுடையதைப் போலவே மாலையில் இறுகிப் போகிறது.

இது கொங்கு நாட்டுக்கு மட்டுமே உரிய துன்பமன்று. 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் 61.9 கோடிப் பேர் கீழ்முதுகு வலியுடன் இருந்ததாகவும், 2050-இல் இந்த எண்ணிக்கை 84.3 கோடியை எட்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. மனிதர்களை அன்றாட வேலையிலிருந்து முடக்கிப்போடும் காரணங்களில் உலக அளவில் முதலிடம் கீழ்முதுகு வலிக்குத்தான்.

‘இடுப்புப் புடிச்சுக்கிச்சு’ என்று ஒருவர் சொன்னதும் நம் ஊரில் அவருக்குக் காட்டப்படும் வழிகள் பல. சுளுக்கு எடுப்பவர், வர்ம வைத்தியர், மருந்துக் கடை மாத்திரை, இடுப்பு பெல்ட், ‘கரண்ட் வைக்கும்’ சிகிச்சை மையம், எலும்பு மருத்துவர், எம்.ஆர்.ஐ. ஸ்கேன் என நீளும் அந்த வரிசையில் சில ஆண்டுகளாகக் கைரோபிராக்டிக் என்ற பெயரும் சேர்ந்துள்ளது. கழுத்தை ஒரு பக்கம் திருப்பி, ‘படக்’ என்று சத்தம் எழ ஒரு சொடுக்கு. படுத்திருப்பவர் முகத்தில் உடனே ஒரு நிம்மதி. கைப்பேசியில் நாள்தோறும் நம் கண்ணில் படும் இந்தக் காணொளிகள், ‘விலகிய எலும்பு ஒரு நொடியில் இடத்தில் அமர்ந்துவிட்டது’ என்ற எண்ணத்தை விதைக்கின்றன. அந்த எண்ணம் சரியா? அந்த வைத்தியம் பயன்படுமா? எப்போது ஆபத்தாகும்? வலியோடு வேலைக்குப் போகும் ஒருவர் இவற்றைத் தெரிந்துகொள்வது அவருடைய பணத்துக்கும் உடலுக்கும் நல்லது.

கைரோபிராக்டிக் வந்த கதை

கைரோபிராக்டிக் முறை அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டேவன்போர்ட் நகரில் பிறந்தது. டேனியல் டேவிட் பால்மர் என்பவர் காந்த சிகிச்சை செய்துவந்தவர். அவர் இருந்த கட்டடத்தில் ஹார்வி லில்லார்டு என்ற துப்புரவுப் பணியாளர் இருந்தார். அவருக்குக் காது சரியாகக் கேட்காது. 1895 செப்டம்பரில் லில்லார்டின் முதுகில் துருத்திக்கொண்டிருந்த ஓர் எலும்பைப் பால்மர் அழுத்திச் சரிசெய்ததாகவும், அவருக்குக் காது கேட்கத் தொடங்கியதாகவும் சொல்லப்படுகிறது. செவி நரம்பு மண்டையோட்டுக்குள்ளேயே மூளையைச் சென்றடைவது. முதுகெலும்பு வழியாகச் செல்வதன்று. ஆகவே அந்தக் கதையை உடலியல் ஏற்பதில்லை. ஆயினும், முதுகெலும்புகளில் ஏற்படும் சிறு விலகல்களே நோய்களின் மூலம் என்ற கொள்கையை அதிலிருந்து உருவாக்கினார் பால்மர். 1897-இல் அதைக் கற்பிக்கப் பள்ளியும் தொடங்கினார்.

அந்தக் கொள்கையின் இன்றைய நிலை என்ன? பிரிட்டனில் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி கைரோபிராக்டிக் வைத்தியர்களைப் பதிவு செய்து நெறிப்படுத்தும் கவுன்சில் இயங்குகிறது. ‘முதுகெலும்பு விலகல்’ என்பது வரலாற்றுக் கருத்து மட்டுமே. அது நோய்க்குக் காரணம் என்பதற்கு மருத்துவ ஆய்வுச் சான்று இல்லை என்று 2010-இல் அந்தக் கவுன்சிலே அறிவித்தது. அந்தத் துறையின் பொறுப்புள்ள பகுதியினர் இன்று நோய்கள் அனைத்தையும் குணப்படுத்துவதாகச் சொல்வதில்லை. முதுகு, கழுத்து, மூட்டு வலிகளுக்கான கைவழிச் சிகிச்சையாகவே அதை முன்வைக்கிறார்கள்.

அந்தச் சத்தமும் எலும்பு இடத்தில் அமரும் ஓசையன்று. மூட்டுகளுக்கு நடுவே உள்ள பசைநீர், மூட்டு சட்டென இழுபடும்போது அழுத்தம் குறைந்து வாயுக் குமிழி ஒன்றை உண்டாக்குகிறது. அப்போது எழும் ஒலிதான் அது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் விரல் மூட்டுகளை இழுத்துச் சொடுக்கும்போதே எம்.ஆர்.ஐ. மூலம் படம்பிடித்து இந்தக் குமிழி உண்டாவதைக் காட்டினார்கள். நாம் விரலில் நெட்டி முறிக்கும்போது எலும்பு எதுவும் இடம் மாறுவதில்லை. முதுகில் நெட்டி முறிந்தாலும் அப்படித்தான்.

இவ்வாறு சொல்வதால் அயல்நாட்டு வைத்தியம் ஒன்றைப் பழிப்பதாக ஆகாது. கையால் வலி தீர்க்கும் மரபு நமக்கும் உண்டு. சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்ற பெயரில் பல வகை நீவல், அழுத்தல் முறைகள் வகுக்கப்பட்டுள்ளன. வர்மம் தனிக்கலையாகவே வளர்ந்தது. காலால் பிறந்தவர் மிதித்தால் முதுகுப் பிடிப்பு விடும், இரட்டைப் பிள்ளை பெற்றவர் நீவினால் சுளுக்குப் போகும் என்ற நம்பிக்கைகள் கிராமங்களில் இன்னும் உள்ளன. வலிக்கும் இடத்தில் அனுபவமுள்ள ஒரு கை படும்போது தசையின் இறுக்கம் தளர்வதும், மனம் ஆறுவதும் உண்மை. கேள்வி, அந்த ஆறுதலுக்கு நாம் கொடுக்கும் விளக்கத்தைப் பற்றியதே.

சான்றுகள் சொல்வது என்ன?

முதுகெலும்பைக் கையால் அசைத்துச் சொடுக்கும் சிகிச்சை குறித்து ஏராளமான ஆய்வுகள் நடந்துள்ளன. திடீரென வந்த கீழ்முதுகு வலிக்கு இதன் பயனை ஆராய்ந்த 26 சோதனைகளைத் தொகுத்து 2017-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஒரு கட்டுரை வெளியானது. ஆறு வாரம் வரையிலான காலத்தில் வலி மிதமாகக் குறைகிறது என்பது அதன் முடிவு. நூறு புள்ளி அளவுகோலில் அது ஏறத்தாழ 10 புள்ளி. நாள்பட்ட கீழ்முதுகு வலி பற்றிய 47 சோதனைகளை, 9,211 பேரின் தரவுகளுடன் தொகுத்த மற்றோர் ஆய்வு 2019-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. இந்தச் சிகிச்சையின் பலன், உடற்பயிற்சி போன்று ஏற்கெனவே பரிந்துரைக்கப்படும் சிகிச்சைகளின் பலனுக்கு ஏறத்தாழச் சமம் என்று அது கண்டது. சுருங்கச் சொன்னால், கைரோபிராக்டிக் மோசடியும் அன்று, அற்புதமும் அன்று. கீழ்முதுகு வலிக்கு ஓரளவு உதவும் பல வழிகளில் ஒன்று.

தலைவலியில் நிலைமை வேறு. கழுத்து மூட்டுகளிலிருந்து எழும் ஒருவகைத் தலைவலிக்குக் கைவழிச் சிகிச்சையும் கழுத்துப் பயிற்சியும் சிலருக்கு உதவலாம். ஒற்றைத் தலைவலிக்கு அப்படிச் சொல்ல முடியாது. நார்வேயில் உண்மையான சிகிச்சையும் பாவனைச் சிகிச்சையும் ஒப்பிடப்பட்டு 2017-இல் வெளியான ஆய்வு, ஒற்றைத் தலைவலியில் தெரியும் பலன் நம்பிக்கையினால் விளைந்ததாகவே இருக்கக்கூடும் என்று முடித்தது.

அப்படியானால் ‘எனக்கு ஒரே நாளில் சரியானதே’ என்று சொல்பவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. முதுகு வலியின் இயல்பே ஏறி இறங்குவது. புதிதாக வரும் வலி பெரும்பாலும் ஆறு வாரத்துக்குள் தானாகவே நன்கு குறைந்துவிடும். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் வைத்தியரைத் தேடிச் செல்கிறோம். அதன்பின் வலி இறங்கும்போது, கடைசியாக என்ன செய்தோமோ அதற்குப் பெயர் போய்ச் சேருகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். சுளுக்கு எடுப்பவருக்கும், மாத்திரைக்கும், ஊசிக்கும், சொடுக்குக்கும் இது ஒருசேரப் பொருந்தும்.

நவீன மருத்துவத்தின் பெயரால் நடப்பவை எல்லாம் சான்றுள்ளவை என்றும் எண்ணிவிடலாகாது. நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கான வழிகாட்டுதலை உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்டது. நோயாளிக்கு விளக்கம் அளித்தல், உடற்பயிற்சி, மனநலம் சார்ந்த சில சிகிச்சைகள், மசாஜ், முதுகெலும்பைக் கையால் அசைக்கும் சிகிச்சை ஆகியவற்றைப் பயன்படுத்தலாம் என்ற வரிசையில் அது வைத்தது. இடுப்பு பெல்ட், எடை கட்டி இழுக்கும் சிகிச்சை, அல்ட்ராசவுண்டு, மின்தூண்டல், ஓபியாய்டு வகை வலி மருந்துகள் ஆகியவற்றை வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டாம் என்றது. நம் ஊரில் முதுகு வலிக்காரர் முதலில் வாங்குவது பெல்ட். பத்து நாள் படுப்பது கரண்ட் வைக்கும் இயந்திரத்தின் கீழ். நடக்கவும் பயிற்சி செய்யவும் கற்றுத் தருவதற்கோ பல இடங்களில் நேரம் இருப்பதில்லை.

கோவையிலிருந்து ஒரு பாடம்

இந்த இடத்தில் கோவையிலேயே நடந்த ஆய்வுகள் நமக்கு வழிகாட்டுகின்றன. கங்கா மருத்துவமனையின் முதுகெலும்பு அறுவை சிகிச்சை நிபுணர் எஸ். ராஜசேகரன் தலைமையிலான குழு, முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள டிஸ்க் எனப்படும் வட்டுகளைப் பல்லாண்டுகளாக ஆராய்ந்துவருகிறது. கீழ்முதுகு ஆராய்ச்சிக்கான பன்னாட்டுச் சங்கத்தின் பரிசை 2004-இலும் 2013-இலும் அக்குழுவின் ஆய்வுகள் பெற்றன.

2004-ஆம் ஆண்டு ஆய்வு, வட்டுக்குச் சத்து எப்படிச் சென்று சேருகிறது என்பதைப் பற்றியது. வளர்ந்த மனிதரின் வட்டின் உட்பகுதியில் இரத்தக் குழாய்கள் இல்லை. மேலும் கீழும் உள்ள எலும்புகளிலிருந்து, இறுதித்தகடு என்ற மெல்லிய அடுக்கின் வழியே சத்து மெல்லக் கசிந்தே உள்ளே செல்ல வேண்டும். 2013-ஆம் ஆண்டு ஆய்வில், வட்டுப் பிதுக்கத்துக்காக அறுவை சிகிச்சை செய்யப்பட்ட 181 பேர் ஆராயப்பட்டனர். ஏறத்தாழ 65 விழுக்காட்டினரிடம் வட்டு தனியே கிழிந்திருக்கவில்லை. அது எலும்போடு ஒட்டியிருக்கும் இறுதித்தகட்டுச் சந்திப்பே பெயர்ந்திருந்தது. இதிலிருந்து சாதாரண வாசகர் அறிய வேண்டியது ஒன்று உண்டு. வட்டு என்பது இரண்டு எலும்புகளுக்கு நடுவே செருகி வைத்த நாணயம் அன்று. இருபுறமும் உறுதியாக ஒட்டி வளர்ந்த உறுப்பு. அதன் உட்கரு பிதுங்கலாம், விளிம்பு பெயரலாம்; ஆனால் சோப்புக் கட்டியைப் போல அது வழுக்கி வெளியே போவதுமில்லை, ஒரு சொடுக்கில் உள்ளே திரும்புவதுமில்லை. பிதுங்கிய பகுதியோ பலருக்குக் காலப்போக்கில் உடலாலேயே கரைக்கப்பட்டுச் சுருங்கிவிடுகிறது.

ஒரு முதுகெலும்பு மற்றொன்றின்மீது உண்மையிலேயே முன்னோக்கி நகர்ந்திருக்கும் நிலையும் உண்டு. ஸ்பான்டிலோலிஸ்தெசிஸ் என்பது அதன் பெயர். விபத்தில் எலும்பு இடம் பெயர்வதும் உண்டு. அவை எக்ஸ்-ரேயில் தெரிபவை. கையால் சொடுக்கிச் சரிசெய்ய முடியாதவை, சரிசெய்ய முயலவும் கூடாதவை.

இக்குழுவினர் 2021-இல் ஐரோப்பிய முதுகெலும்பு இதழில் வெளியிட்ட ஆய்வு இன்னும் எளிமையானது. அதனால் இன்னும் முக்கியமானது. நாள்பட்ட கீழ்முதுகு வலியுள்ள 44 பேரை இரு பிரிவாகப் பிரித்தனர். ஒரு பிரிவினருக்கு எம்.ஆர்.ஐ. அறிக்கையில் உள்ள சொற்களை உள்ளபடியே விளக்கினர். மறு பிரிவினருக்கு, ‘ஸ்கேனில் தெரிபவை இயல்பான மாற்றங்களே’ என்று தைரியம் சொன்னார்கள். ஆறு வாரச் சிகிச்சைக்குப் பிறகு பார்த்தபோது, அறிக்கையின் சொற்களைக் கேட்டவர்கள் தங்கள் முதுகைப் பற்றி அதிக அச்சத்தோடு இருந்தனர். அவர்களின் வலி குறைந்தது குறைவு. அன்றாட வேலை செய்யும் திறனும் பின்தங்கியே இருந்தது. அதே ஆய்வின் அடுத்த கட்டத்தில், ஒரே ஸ்கேனுக்கு வழக்கமான அறிக்கையும், அச்சமூட்டும் சொற்களைத் தவிர்த்த அறிக்கையும் தயாரித்து மருத்துவத் துறையினரிடம் காட்டினார்கள். இரண்டாவதைப் படித்தபோது அவர்கள் நோயின் கடுமையைக் குறைவாக மதிப்பிட்டனர். அறுவை சிகிச்சையை நோக்கிய சாய்வும் குறைந்தது. சொல் நோயாளியை மட்டுமன்று, மருத்துவரையும் அசைக்கிறது.

அறிக்கையில் இருப்பது பொய் என்பதன்று இதன் பொருள். வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-இல் வெளியான ஓர் ஆய்வு, 20 வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும் 80 வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் வட்டுத் தேய்மானம் இருப்பதைக் காட்டியது. வட்டுப் புடைப்பு 20 வயதிலேயே 30 விழுக்காட்டினருக்கு இருந்தது. தலை நரைப்பதையும் முகம் சுருங்குவதையும் நாம் நோய் என்பதில்லை. வட்டின் நரையைத்தான் ‘தேய்ந்துவிட்டது’, ‘விலகிவிட்டது’ என்று நோயாக்கிவிடுகிறோம்.

‘விலகிவிட்டது’ என்ற சொல்லைக் கேட்ட திருப்பூர்த் தையல் தொழிலாளி ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவர் குனிய அஞ்சுகிறார், குடத்தைத் தூக்க அஞ்சுகிறார், நடப்பதைக் குறைக்கிறார். அசையாத தசை பலவீனமாகிறது. பலவீனமான முதுகு மேலும் வலிக்கிறது. வலி, ‘இன்னும் விலகியிருக்கிறது’ என்ற அச்சத்தை உறுதிப்படுத்துகிறது. மாதந்தோறும் ‘இடத்தில் வைக்க’ யாரிடமாவது போய்க் கூலியின் ஒரு பகுதியைக் கொடுத்து வருகிறார். அவரை நிரந்தர நோயாளியாக்கியது வட்டு அன்று, அந்தச் சொல். அதைச் சொன்னவர் கைரோபிராக்டிக் வைத்தியரா, சுளுக்கு எடுப்பவரா, ஸ்கேன் அறிக்கையைப் பார்த்த மருத்துவரா என்பதில் வேறுபாடு ஏதுமில்லை.

கழுத்தில் கவனம் தேவை

இடுப்பில் செய்யும் சொடுக்கைவிடக் கழுத்தில் செய்வது அதிக எச்சரிக்கைக்குரியது. மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் முதன்மைத் தமனிகள் நான்கில் இரண்டு, கழுத்தெலும்புகளின் பக்கவாட்டுத் துளைகள் வழியாகவே மேலேறுகின்றன. கழுத்தைச் சட்டென்று திருகும்போது அத்தமனியின் உட்சுவர் கிழிந்து, அங்கே இரத்தம் உறைந்து, பக்கவாதம் ஏற்பட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. இது அரிதானது. தமனி ஏற்கெனவே கிழியத் தொடங்கியதால் கழுத்து வலி வந்து, அந்த வலிக்காகவே வைத்தியரிடம் சென்றவர்களும் இவர்களில் உண்டு. ஆகவே எது காரணம், எது விளைவு என்பதில் ஆய்வாளர்களிடையே விவாதம் உள்ளது. எனினும், கழுத்தைச் சொடுக்கும் முன் இந்த ஆபத்தை நோயாளிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2014-இல் வெளியிட்ட அறிக்கை கூறியது. அரிதென்றாலும் உயிரைத் தொடும் ஆபத்து. கிடைப்பதோ மிதமான நிவாரணம். மென்மையான அசைவும் பயிற்சியும் அதே நிவாரணத்தைத் தரும்போது அந்தத் திருகல் எதற்கு?

இந்த எச்சரிக்கை முடிதிருத்தகத்துக்கும் பொருந்தும். முடிவெட்டி முடித்ததும் தலையைப் பிடித்து இருபுறமும் ‘மடக்’ என்று திருப்பிவிடுவது நம் ஊரில் பழகிப்போன உபசரிப்பு. அதனால் தமனியும் நரம்பும் பாதிக்கப்பட்ட நிகழ்வுகளை இந்திய மருத்துவர்கள் கண்டுள்ளனர். ‘கழுத்தை மட்டும் திருப்ப வேண்டாம்’ என்று அன்பாகச் சொல்லிவிடுவதில் யார் மனமும் புண்படாது.

சட்டத்தின் இடைவெளி

கைரோபிராக்டிக் வைத்தியருக்குக் குறைந்தது 4,200 மணி நேரப் பயிற்சி வேண்டும், அதில் 1,000 மணி நேரமாவது மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்க்கும் பயிற்சியாக இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2005-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது. இந்தியாவில் இத்தொழிலுக்கெனத் தனிச் சட்டமோ பதிவுக் கவுன்சிலோ இல்லை. இயன்முறை சிகிச்சையாளர்கள் 2021-ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் கீழும், சித்த மருத்துவர்கள் 2020-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ முறைகளுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் கீழும் வருகிறார்கள். கைரோபிராக்டிக் பலகைக்குப் பின்னால் இருப்பவர் வெளிநாட்டில் பல ஆண்டு படித்தவராகவும் இருக்கலாம். சில நாள் வகுப்புக்குப் போய்வந்தவராகவும் இருக்கலாம். வாசலில் நிற்கும் நோயாளிக்கு இரண்டையும் பிரித்தறிய வழியில்லை. அரசு கவனிக்க வேண்டிய இடைவெளி இது.

அதுவரை நோயாளி சில கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டும். நீங்கள் என்ன படித்தீர்கள், எங்கே பதிவு செய்திருக்கிறீர்கள்? என் பழைய நோய்களையும் மருந்துகளையும் கேட்டு, கால் வலிமையையும் உணர்ச்சியையும் சோதித்தீர்களா? கழுத்தைச் சொடுக்காமல் சிகிச்சை தர முடியுமா? எத்தனை முறை வர வேண்டும், பலன் இல்லையென்றால் எப்போது நிறுத்துவோம்? முதல் நாளிலேயே 20, 30 அமர்வுகளுக்கு முன்பணம் கேட்பவரிடமும், ‘வாழ்நாள் முழுவதும் மாதம் ஒருமுறை வர வேண்டும்’ என்பவரிடமும், முதுகைச் சொடுக்கிச் சர்க்கரை நோயையும் குழந்தையின்மையையும் சரிசெய்வதாகச் சொல்பவரிடமும் விடைபெற்றுக்கொள்வதே நல்லது.

யாரிடமும் முதுகைக் கொடுக்காமல் நேராக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகளும் உண்டு. சிறுநீர், மலம் கட்டுப்பாட்டை இழப்பது அல்லது சிறுநீர் வராமல் அடைபடுவது, தொடைகளின் உட்புறமும் ஆசனவாயைச் சுற்றிலும் மரத்துப்போவது, காலோ கையோ வலுவிழப்பது ஆகியவை அவசர நிலைகள். மணிக்கணக்கில் தாமதித்தாலும் நிரந்தர இழப்பு நேரலாம். காய்ச்சல், காரணமற்ற எடை குறைவு, இரவில் தூங்கவிடாத வலி ஆகியவை முதுகெலும்புக் காசநோயாகவோ புற்றுநோயாகவோ இருக்கலாம். காசநோய் இன்னும் ஒழியாத நம் நாட்டில் இதை மறந்துவிடக் கூடாது. கிருமி அரித்த எலும்பைச் சொடுக்கினால் தண்டுவடமே நசுங்கக்கூடும். மூதாட்டிகளுக்கும், நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுப்போருக்கும் எலும்பு வலுவிழந்திருக்கலாம் என்பதால் அவர்களுக்கும் சொடுக்கு கூடாது. இதுவரை அனுபவித்திராத கடும் தலைவலி அல்லது கழுத்து வலி திடீரென வந்து, அதோடு தலைச்சுற்றல், பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, தள்ளாட்டம் இருந்தால் அது கழுத்துப் பிடிப்பன்று, பக்கவாத அவசரம்.

முதுகுக்கு மருந்து எங்கே இருக்கிறது?

இந்த அறிகுறிகள் இல்லாத பெரும்பாலோருக்குத் தேவைப்படுபவை எளியவை. முதல் ஓரிரு நாள் ஒத்தடம். தேவைப்பட்டால் மருத்துவர் சொன்ன அளவில் வலி மருந்து. பிறகு வலியைப் பொறுத்து மெல்ல நடக்கத் தொடங்குதல். சில வாரங்களில் முதுகு, வயிறு, இடுப்புத் தசைகளை வலுவாக்கும் பயிற்சி. வாரக்கணக்கில் படுத்திருப்பது வலியை நீட்டிக்கவே செய்யும். மருந்துக் கடையில் தாமாகவே மாதக்கணக்கில் வலி மாத்திரை வாங்கி விழுங்குவது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். பயிற்சியோடு சேர்த்து, நம்பகமான கையால் நீவலோ மென்மையான மூட்டசைவோ பெறுவதில் தவறில்லை. அது நடப்பதற்குத் துணையாக இருக்க வேண்டும். நடப்பதற்கு மாற்றாக ஆகிவிடக் கூடாது.

ஆனால், ‘நடந்து பழகுங்கள், அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நில்லுங்கள்’ என்ற அறிவுரை பீஸ் ரேட்டில் தைப்பவரின் காதில் எப்படி விழும்? எழுந்து நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் அவருக்குக் கூலிக் குறைவு. எனவே முதுகு வலி வைத்தியத்தின் பாதி, வேலையிடத்தில் இருக்கிறது. உயரம் மாற்றக்கூடிய, சாய்மானமுள்ள இருக்கை, இரண்டு மணிக்கு ஒருமுறை கூலி வெட்டாத சிறு இடைவேளை, பாரம் தூக்கத் தள்ளுவண்டி ஆகியவை பெரும் செலவுகள் அல்ல. ஏற்றுமதிக்கு நூலின் தரத்தை அளந்து பார்க்கும் தொழில் நகரங்கள், தைப்பவரின் நாற்காலியையும் அளந்து பார்க்கலாம்.

இதற்கு முன்மாதிரியும் உண்டு. கடைகளிலும் நிறுவனங்களிலும் பணிபுரிவோருக்கு இருக்கை வசதி கட்டாயம் என்று தமிழ்நாடு அரசு 2021-இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. கோவை ஒப்பணக்கார வீதியிலும் கிராஸ்கட் சாலையிலும் துணிக்கடைகளில் நாளெல்லாம் நின்ற பெண்களுக்குச் சட்டம் தந்த உரிமை அது. அதே ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறும் தொழிலாளர்களுக்கான இ.எஸ்.ஐ. திட்டத்தில், மருத்துவர் சான்றளித்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு நோய்க்கால உதவியாகக் கிடைக்கும். இருக்கும் இந்த வழிகளை விரிவாக்கி, முதுகு வலிக்கான பயிற்சியைத் தொழிற்பேட்டைகளுக்கும் இ.எஸ்.ஐ. மருந்தகங்களுக்கும் கொண்டுசெல்வது பன்மடங்கு பயன் தரும்.

வலி உண்மை, வலிப்பவர் பாசாங்கு செய்யவில்லை. அந்த வலிக்கு முன்னால் அமரும் எவரும், அவர் எந்த முறையைக் கற்றவராயினும், முதலில் தர வேண்டிய மருந்து ஒன்று உண்டு: ‘உங்கள் முதுகு உடைந்துபோகவில்லை, இது ஆறக்கூடியது, பயப்படாமல் நடங்கள்’ என்ற உறுதிமொழி. பரிசோதித்துப் பார்த்து, ஆபத்தான அறிகுறி இல்லை என்று கண்டபின் சொல்லப்படும் அந்த வாக்கியம் பொய்த் தேறுதல் அன்று; கோவையிலேயே சோதித்து அறியப்பட்ட சிகிச்சை. அடுத்த முறை யாராவது ‘விலகிவிட்டது’ என்று சொன்னால், ‘எது, எங்கே, எவ்வளவு?’ என்று கேட்போம். பதில் தெளிவாக வரவில்லையென்றால், விலக வேண்டியது நாம்தான்.